அசையாத 24.5: திருகோணமலைக் கணினி அறை ஒன்றில் நடந்தது

பின்னணி

அந்த அறை திருகோணமலை நகரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரோ அங்கு வேலை செய்பவர்களின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள அதன் கிளைகள் இந்த அறையின் சேர்வர்களை நம்பித்தான் ஓடுகின்றன என்பது போதும். நான்கு மீற்றருக்கு மூன்று மீற்றர் அளவுள்ள அறை. உள்ளே மூன்று இரும்பு அடுக்குகள், சுவரில் இரண்டு ஏ.சி., மூலையில் ஒரு யூ.பி.எஸ். கூரை கொங்கிறீற் தட்டு. மேலே நிழல் ஒன்றும் கிடையாது.

அறைக்கென்று ஆள் இல்லை. அலுவலக நாட்களில் கணினிப் பொறுப்பாளர் ஒருவர் காலையில் கதவைத் திறந்து பார்ப்பார். விடுமுறை என்றால் கீழே வாசலில் இருக்கும் காவலாளி ஐயா மட்டும்தான். அறைக்குள் நடப்பதை வெளியே சொல்ல 2017இல் ஒரு கண்காணிப்புப் பெட்டியை வாங்கிப் பொருத்தினோம். பொருத்தியவன் நான். நான்கு வெப்ப சென்சர்கள், ஓர் ஈரப்பத சென்சர், சிம் போடும் இடம், மின்னஞ்சல் வசதி. குறிப்பிட்ட பாகைக்கு மேலே போனால் மூன்று பேருக்குக் குறுஞ்செய்தி போகும்: பொறுப்பாளருக்கு, எனக்கு, ஏ.சி. திருத்துபவருக்கு. அன்று பொறுப்பாளரிடம் நான் சொன்ன வசனம் இப்போதும் நினைவில் இருக்கிறது: “செய்தி வராவிட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் ஐயா.”

85 பாகையும் புலிக் கதையும்

2019இன் வாடைக் காலத்தில் தொல்லை தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் குறுஞ்செய்தி வரும்: அறை வெப்பநிலை 85 பாகை. பொறுப்பாளர் உவர்மலையிலிருந்து மழையில் நனைந்துகொண்டு வந்து திறந்து பார்த்தால் அறை குளிர்ந்து கிடக்கும். ஒரே மாதத்தில் இப்படி ஏழு தடவை.

அந்தச் சென்சரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு 85 என்ற எண் பழைய நண்பன். பெட்டியில் இருந்தது டி.எஸ்.18பி20 என்ற மிகப் பரவலான வகை. மின்சாரம் கிடைத்து விழித்த கணத்தில், இன்னும் ஒரு தடவைகூட அளக்காத நிலையில், அதன் நினைவகத்தில் இருக்கும் எண் 85. இடையில் ஒரு கணம் மின்சாரம் அறுந்து திரும்பினால், அளந்து முடிப்பதற்குள் பெட்டி கேட்டுவிட்டால், அது 85 என்று சொல்லும். எங்கள் அறையில் அறுத்தது உப்புக் காற்று. கம்பி முனைகளைக் கழற்றிப் பார்த்தபோது செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. விரலால் தட்டினால் தூளாக உதிர்ந்தது. முனைகளை வெட்டி, ஈயம் வைத்து, மூடிப் பொருத்தினேன். தொல்லை குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்கு 2024இல்தான் தெரியவந்தது. தூக்கம் கெட்ட பொறுப்பாளர், 30 பாகையாக இருந்த எச்சரிக்கை எல்லையை 90 ஆக்கிவிட்டார். 85 வந்தாலும் செய்தி போகாது அல்லவா? தற்காலிகமாகத்தான் செய்தேன், மறந்துவிட்டேன் என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. புலி வருகிறது, புலி வருகிறது என்று ஏழு இரவு எழுப்பியது நான் பொருத்திய பெட்டி. எட்டாவது இரவுக்கு அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

மின்னஞ்சல் வழியும் அதற்குள் செத்திருந்தது. பெட்டி பயன்படுத்திய அஞ்சல் சேவை, வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து உள்நுழையும் பழைய முறையை 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. புதிய முறை பெட்டிக்குத் தெரியாது. அஞ்சல் போகவில்லை என்பதைச் சொல்ல அதற்கு இருந்த ஒரே வழியும் அந்த அஞ்சல்தான்.

மார்ச் 20: ஒரு நல்ல காரியம்

2017 முதல் பெட்டி சுவர்ச் சொக்கற்றில்தான் செருகியிருந்தது. பழைய யூ.பி.எஸ்.ஸில் இடமில்லை. அதனால் மின்சாரம் போகும்போதெல்லாம் பெட்டியும் கண்மூடும், வந்ததும் விழிக்கும். 2022இன் மின்வெட்டுக் காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும்; மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை போனது. அந்த நாட்களில் பெட்டி தினமும் செத்துப் பிழைத்தது. மற்ற ஆண்டுகளிலும் மின்சாரம் ஒரு தடவையாவது போகாத மாதம் இந்தப் பக்கத்தில் குறைவு.

மின்சாரம் போகும் நேரத்தில்தானே கண்காணிப்பு வேண்டும்? 2024 மார்ச்சில் புதிய யூ.பி.எஸ். வாங்கியபோது, பெட்டியையும் அதிலேயே செருகச் சொன்னேன். இன்று கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அறைக் கதவில் தொங்கும் வரவுப் புத்தகத்தில் மின்வேலைக்காரர் எழுதியது: 20.03.2024, 10.05, யூ.பி.எஸ். மாற்றம். இந்த ஒற்றை வரி பின்னால் பெரிதும் உதவியது.

மே 15ஆம் திகதி வேறொரு வேலைக்காக என் மடிக்கணினியில் அந்த அறையின் வரைபடத்தைத் திறந்தேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, வெளியே நிழலிலேயே தலை காயும் காலம். வரைபடமோ 24.5 பாகையில் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. ஏ.சி. திருத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து, “அண்ணை, உங்கள் கைவண்ணம் அருமை, ஆடாமல் அசையாமல் நிற்கிறது” என்று பாராட்டினேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

வெசாக் விடுமுறை

மே 23 வியாழன் வெசாக் போயா, 24 மறுநாள் விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. புதன் மாலை பூட்டிய கதவைத் திங்கட்கிழமைதான் திறப்பதாக இருந்தது.

பின்வரும் நேரங்கள் கண்காணிப்புப் பெட்டியிலிருந்து எடுத்தவை அல்ல. ஒவ்வொரு சேர்வரும் தன் முகப்பில் நுழையும் காற்றின் வெப்பத்தைத் தானே அளந்து பதிந்துகொள்ளும். அந்தப் பதிவுகளைப் பிறகு தோண்டி எடுத்தோம். ஏழு ஆண்டுகளாக அங்கே இருந்தவை, ஒருவரும் படித்ததில்லை.

வியாழன் பகல் 13.48க்கு மின்சாரம் போனது. 14.10க்குத் திரும்பியது. 22 நிமிடமும் யூ.பி.எஸ். தாங்கியது; சேர்வர்கள் ஒரு கணமும் நிற்கவில்லை. சிக்கலும் அதில்தான் இருந்தது. சூடு தருபவை ஓடிக்கொண்டிருக்க, சூட்டை வெளியேற்றுபவை நின்றுபோயின. மின்சாரம் திரும்பியதும் முதல் ஏ.சி. தானாக ஓடியது, ஆனால் காற்று மட்டும் வந்தது. அதன் கொம்பிறசரைத் தூண்டும் கப்பாசிற்றர் எப்போதோ பழுதாகியிருந்தது. மற்ற ஏ.சி. தனியாக அறையைத் தாங்கியதால் யாருக்கும் தெரியவில்லை. அந்த மற்ற ஏ.சி. புதியது, மின்சாரம் வந்ததும் தானாக மீண்டும் ஓடும் வசதி அதில் உண்டு, ஆனால் அதை இயக்கிவிட்டிருக்கவில்லை. தொலையியக்கியை யாராவது அழுத்தும்வரை அது சும்மா இருக்கும்.

14.10க்கு நுழைகாற்று 31 பாகை. 14.40க்கு 37. 15.30க்கு 42, சேர்வர்கள் தங்களுக்குள் எச்சரிக்கை எழுதிக்கொண்டன. 16.50க்கு 47ஐத் தொட்டதும் முதல் சேர்வர் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. அடுத்த அரைமணிக்குள் மற்றவையும் நின்றன. இவ்வகைச் சாதனங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை 18 முதல் 27 பாகை. சேமிப்புப் பெட்டியும் வலையமைப்புக் கருவிகளும் மட்டும் இரவு முழுவதும் வெந்துகொண்டே ஓடின.

இவ்வளவும் நடந்தபோது கண்காணிப்புப் பெட்டி சொன்னது: 24.5.

வெள்ளி காலை ஆறரைக்குக் காவலாளி ஐயா மேல்மாடிக் குழாயடிக்குப் போயிருக்கிறார். யூ.பி.எஸ். கீச்சிடும் சத்தம் கேட்டுக் கதவில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். என்னை அழைத்தார்: “தம்பி, உள்ளே ஏதோ கத்துகிறது. கதவும் சுடுகிறது.” எந்தச் சென்சரும் சொல்லாததை அவருடைய உள்ளங்கை சொன்னது.

அறைக்குள் எடுத்த முடிவுகள்

உப்புவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர 7.20 ஆனது. பொறுப்பாளரும் வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் பேக்கரி அடுப்பின் முன்னால் நிற்பதுபோல் முகத்தில் அடித்தது. கையில் கொண்டுபோன வெப்பமானி 39.6 காட்டியது. சேர்வர்கள் நின்று பதினான்கு மணிநேரத்துக்குப் பிறகான கணக்கு அது.

முதல் முடிவு, ஓடிக்கொண்டிருந்த சேமிப்புப் பெட்டியை முறைப்படி நிறுத்துவது. சூடான வன்தட்டை ஓடவிட்டுக் குளிரவைப்பதா, நிறுத்திக் குளிரவைப்பதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நின்ற வட்டு மீண்டும் சுழலாமல் போகலாம் என்று பொறுப்பாளர் பயந்தார், நியாயமான பயம். ஆனால் புதன் இரவுப் பிரதி வேறு கட்டடத்தில் பத்திரமாக இருந்தது. புதிதாக எழுத யாரும் இல்லாத விடுமுறை நாள். நிறுத்தினோம்.

அடுத்து, கதவைத் திறந்து இரண்டு மேசை விசிறிகளால் சூட்டை வெளியே தள்ளினோம். கடற்கரைக் காற்றை நெடுநேரம் உள்ளே விடுவது நல்லதல்ல. திறந்த கதவோடு ஏ.சி.யை ஓடவிட்டால் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படியும். அதனால் நாற்பது நிமிடத்தோடு நிறுத்தி, கதவைச் சாத்திய பிறகுதான் புதிய ஏ.சி.யை இயக்கினோம்.

மூன்றாவது முடிவுதான் இந்த ஆய்வுக்கே இடம் தந்தது. பொறுப்பாளரின் கை கண்காணிப்புப் பெட்டியின் பிளக்கை நோக்கிப் போனது. கழற்றிச் செருகினால் சரியாகிவிடும் என்றார். உண்மைதான், சரியாகியிருக்கும். அதோடு என்ன நடந்தது என்பதும் அழிந்திருக்கும். கையைப் பிடித்து நிறுத்தினேன். “இதை இப்படியே விடுங்கள் ஐயா. பிணப் பரிசோதனை முடியட்டும்.”

பெட்டியில் கண்டது

பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. வலையமைப்பில் கூப்பிட்டால் பதில் சொன்னது. அதன் பக்கம் திறந்தது. கடிகாரம் சரியான நேரம் காட்டியது. சிம்மில் காசு இருந்தது. சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். மறு நிமிடம் என் தொலைபேசியில் வந்து விழுந்தது. இத்தனை உயிரோடும் அது 24.5 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சென்சரை விரல்களுக்கு நடுவில் பிடித்தேன். 24.5. கீழே கடையிலிருந்து பொலித்தீன் பையில் ஐஸ் வாங்கிவரச் சொல்லி அதற்குள் அமிழ்த்தினேன். ஐந்து நிமிடம் கழித்தும் 24.5. நான்கு சென்சர்களுக்கும் இதே கதை. ஒவ்வொன்றும் தன் பழைய எண்ணில் உறைந்திருந்தது.

மைய அலுவலகக் கணினியில் இருந்த பதிவை நிமிடம் நிமிடமாகப் பின்னோக்கிப் பார்த்தோம். இந்தச் சென்சர் 0.0625 பாகைப் படிகளில் அளக்கக்கூடியது. ஏ.சி. ஓடி நின்று ஓடும்போது உயிருள்ள அறையின் வரைபடம் ரம்பப் பல்போல ஏறி இறங்கும். எங்கள் ரம்பப் பல் மே 9, அதிகாலை 3.12உடன் முடிந்திருந்தது. அதன் பிறகு ஒரு முடி அளவும் அசைவில்லை. நான் பாராட்டுத் தெரிவித்தது பெட்டி உறைந்து ஆறாவது நாள்.

3.12 மணிக்கு அறையில் யாரும் இல்லை, மின்சாரமும் போகவில்லை. அப்படியானால் ஏன் அந்த நேரம்? கதவில் தொங்கிய வரவுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் மார்ச் 20, 10.05 என்ற வரி கண்ணில் பட்டது. அங்கிருந்து மே 9 அதிகாலை வரை எண்ணினால் ஐம்பது நாளுக்குச் சற்றுக் குறைவு. நிரல் எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே மணம் வீசும்.

இப்படியான சிறு பெட்டிகள் தாம் விழித்த கணத்திலிருந்து மில்லிசெக்கன்களை எண்ணிக்கொண்டே போகும். 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. மில்லிசெக்கனில் அது 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 செக்கன். அதற்கு அடுத்தது பூச்சியம். பழைய லொறியின் மைல்மீற்றர் 99,999க்குப் பிறகு 00000 ஆவதுபோல. “மீற்றர் 99,998ஐத் தாண்டினால் எண்ணெய் மாற்று” என்று சாரதியிடம் சொல்லி, அவர் அந்த ஒரு மைலில் கவனம் தவறினால், பூச்சியத்திலிருந்து தொடங்கிய மீற்றர் நெடுங்காலத்துக்கு அந்த எண்ணைத் தாண்டாது. அவர் சொன்னபடிதான் நடக்கிறார். எண்ணெய் மட்டும் மாறாது. அடுத்து அளக்கவேண்டிய நேரத்தைப் பெட்டி இப்படி ஒப்பிட்டால் அளப்பது நின்றுவிடும், மற்றதெல்லாம் ஓடும். பிழை புதிதல்ல, விண்டோஸ் 95 இதே 49.7 நாள் எண்ணிக்கையில் உறைந்தது கணினித் துறையில் பழைய கதை.

மே 9, 3.12இலிருந்து அந்தக் காலத்தைக் கழித்தால் மார்ச் 20, காலை 10.09 வருகிறது. மின்வேலைக்காரர் உள்ளே நுழைந்து நான்காம் நிமிடம்.

ஏழு ஆண்டுகளாக இது வெளிப்படாமல் இருந்ததற்குக் காரணமும் இப்போது விளங்கியது. பெட்டி அதுவரை ஐம்பது நாள் தொடர்ந்து விழித்திருந்ததே இல்லை. மின்வெட்டுதான் அதைக் காப்பாற்றி வந்தது. நாங்கள் அதற்கு நல்ல மின்சாரம் கொடுத்தோம். முதல் தடவையாக முழு ஆயுளும் வாழ்ந்து நின்றுபோனது.

ஐம்பது நாள் காத்திருப்பு

கணக்குப் பொருந்திவிட்டது என்பதற்காக வழக்கை மூட நான் விரும்பவில்லை. பெட்டியின் உள்நிரலை நாங்கள் பார்க்கவில்லை. தயாரித்தவர்கள் அந்த மாதிரியைக் கைவிட்டிருந்தார்கள். எனவே அதே மாதிரிப் பெட்டிகள் இரண்டை என் வீட்டு மேசையில் வைத்து, யூ.பி.எஸ். ஒன்றில் ஜூன் 1 மாலை 6 மணிக்கு ஒன்றாக இயக்கினேன். ஒன்றை அப்படியே விட்டேன். மற்றதை ஜூன் கடைசியில் ஒரு தடவை நிறுத்தி இயக்கினேன். என் கணக்கு சரியென்றால் முதலாவது ஜூலை 21, ஞாயிறு, காலை 11.03க்கு உறையவேண்டும்.

அன்று காலை பத்தரைக்கே பிளேன்டீயுடன் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். மின்விசிறியை ஓடவிட்டு நிறுத்தி ஓடவிட்டு, இரண்டு எண்களும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11.02வரை இரண்டும் ஆடின. 11.03க்குப் பிறகு ஒன்று மட்டும் ஆடியது. ஐஸ் வைத்தேன். வைத்த பெட்டி 30.2 என்று சிரித்துக்கொண்டே இருந்தது. ஐம்பது நாள் காத்திருந்து ஒரு பழுதைக் கண்டு இவ்வளவு மகிழ்ந்தது நானாகத்தான் இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள்.

இழப்பு

சேமிப்புப் பெட்டியில் ஒரு வன்தட்டு சனிக்கிழமையே போனது; இரண்டாவது மூன்று வாரம் கழித்து. இரண்டுக்கும் இடையில் முதலாவதை மாற்றிவிட்டதால் தரவு தப்பியது. யூ.பி.எஸ். பற்றரிகளின் ஆயுள், 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறக்குறையப் பாதியாகும் என்பார்கள். ஓர் இரவில் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியாது; சோதனையில் தாங்கின. கிளைகள் மூடியிருந்ததால் வெளியே யாருக்கும் இது தெரியவில்லை. வேலை நாளாக இருந்திருந்தால் வேறு கதை.

மாற்றியவை

எச்சரிக்கை எல்லை 30க்குத் திரும்பியது. 85 என்ற எண் மட்டும் தனியாக வந்தால் ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளக்கவேண்டும் என்று மையக் கணினியில் விதி எழுதினோம். ஐந்து ஆண்டுக்கு முன்பே செய்திருக்கவேண்டிய வேலை, அரைமணிநேரம்தான் பிடித்தது.

எந்தச் சென்சரின் எண்ணும் மூன்று மணிநேரம் அசையாமல் இருந்தால் அதுவே இப்போது ஓர் எச்சரிக்கை. பதினைந்து நிமிடம் எண் வராவிட்டால் இன்னொன்று. இதைக் கவனிப்பது அறைக்கு வெளியே, வேறு ஊரில், வேறு மின்சாரத்தில் இருக்கும் கணினி. தினமும் காலையில் “நலம்” என்று பெட்டியே குறுஞ்செய்தி அனுப்பட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஏற்கவில்லை. வந்த செய்தியை மனிதன் கவனிப்பான். வராத செய்தியை இரண்டாம் வாரத்திலிருந்து கவனிக்கமாட்டான். வராததை எண்ண இயந்திரம்தான் வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியைத் தானாக அணைத்து இயக்கும் நேரமானியைப் பொருத்தவேண்டும் என்றார் பொறுப்பாளர். நோயை மறைக்கும் மருந்து என்று நான் வாதாடினேன். புதிய பெட்டி வரும்வரை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. நேரமானி பொருத்தப்பட்டது.

சேர்வர்கள் தாமே அளக்கும் நுழைகாற்றுப் பதிவும் இப்போது மையக் கணினிக்கு வருகிறது. இரண்டு ஏ.சி.களுக்கும் மாதத்தின் முதல் திங்களில் மின்சாரத்தை அறுத்துக் கொடுத்து, இரண்டும் தாமாக ஓடிக் குளிர்காற்று தருகின்றனவா என்று கையை வைத்துப் பார்க்கிறோம். அதே நாளில் ஹெயர் டிரையரால் சென்சரைச் சூடாக்கி, குறுஞ்செய்தி மூன்று தொலைபேசிகளுக்கும் வந்துசேரும்வரை காத்திருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் மலிவானது. ஈருலோகத் தகடு ஒன்று, 35 பாகையில் வளைந்து தொடும் வகை. அதிலிருந்து இரண்டு கம்பி, மாடிப்படி வழியாகக் காவலாளி ஐயாவின் அறைக்குள் இறங்குகிறது. நுனியில் ஒரு பற்றரியும் மணியும். நிரல் இல்லை, சிம் இல்லை, எண்ண நாளும் இல்லை.

நவம்பர் சோதனை

வாடை தொடங்கி மூன்று வாரம் கழித்து, நவம்பர் சோதனையில் ஹெயர் டிரையரைத் தகட்டின்மேல் பிடித்தேன். தகடு வளைந்து தொட்டது, கண்ணால் பார்த்தேன். கீழே மணி அடிக்கவில்லை. ஐயா மாடிப்படியில் நின்று, “இன்னும் இல்லைத் தம்பி” என்றார். கழற்றிப் பார்த்தால் தொடுமுனையில் அதே பச்சைக் களிம்பு. கண்ணாடிக்குள் அடைத்த தொடுமுனை உள்ள வகை ஒன்றை வாங்கி டிசம்பர் முதல் வாரத்தில் மாற்றினோம். இப்போது ஐயா வரவுப் புத்தகத்தில் தன் கையால் ஒவ்வொரு மாதமும் ஒரு வரி எழுதுகிறார்: மணி அடித்தது, கேட்டேன்.